கல்லடியிலிருந்து கீரிமலைக்கு: அடிமட்டத்தில் 285 கிலோமீற்றர்

2025 ஜூலை 21, திங்கள் – கல்லடி, மட்டக்களப்பு

மாமா சென்னையிலிருந்து வருகிறார். அம்மாவின் ஒரே தம்பி. கடைசியாக ஊருக்கு வந்தது 2003இல், சமாதான காலத்தில். அதன் பிறகு இருபத்திரண்டு வருடமாக அக்காவும் தம்பியும் ஃபோனில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். இந்த ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணக் கடலோரத்துக் கீரிமலையில் அம்மப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்ய வேண்டும் என்று சொல்லி, யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கு ரிக்கெட்டும் எடுத்துவிட்டார். அம்மப்பா பிறந்தது யாழ்ப்பாணத்து மல்லாகத்தில். வாத்தியார் வேலைக்கு மட்டக்களப்பு வந்து, இங்கேயே கலியாணம் முடித்து, இங்கேயே கண்ணை மூடினவர்.

மாமாவுக்கு முழங்கால் சரியில்லை, லீவும் நான்கு நாள்தான். "நான் ஒன்றேகால் மணித்தியாலத்தில பலாலியில இறங்கிடுவன் அக்கா. நீ யாழ்ப்பாணத்துக்கு வா, பக்கம்தானே" என்றார். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அவருடைய அப்பா போன நாளிலிருந்து ஒரு ஆடி அமாவாசைக்கும் எங்கள் ஊர் மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்தின் மாமாங்கத் தீர்த்தத்தை விட்டதில்லை. அந்த மாமாங்கத்தை இந்த வருடம் விட்டுவிட்டு வருவதாக ஒத்துக்கொண்டது தம்பிக்காகத்தான்.

"பக்கம்தானே" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மகள் பள்ளிக்கூட அட்லஸையும் அடிமட்டத்தையும் எடுத்து வந்தாள். ஒரு சென்ரிமீற்றருக்கு 20 கிலோமீற்றர். மட்டக்களப்பில் பூச்சியத்தை வைத்து யாழ்ப்பாணம் வரை அளந்தாள். பதினாலேகால் சென்ரிமீற்றர், அதாவது 285 கிலோமீற்றர். கோடு கந்தளாய்க்குக் கிழக்கால் போய், நெடுங்கேணி, மாங்குளம் காடுகளைத் தாண்டி, கிளிநொச்சிப் பக்கமாக யாழ்ப்பாணத்தில் இறங்கியது. ஏ.டி.ஆர். என்ற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் போகும் என்று தேடிப் பார்த்துச் சொன்னாள். வகுத்தால் 34 நிமிடம். ஏறவும் இறங்கவும் கொஞ்சம் சேர்த்தால் முக்கால் மணித்தியாலம், மிஞ்சினால் ஐம்பது நிமிடம்.

நாங்கள் விசாரித்த நாட்களில் மட்டக்களப்பிலிருந்து பலாலிக்கு ஒரு விமானமும் இல்லை. எங்கள் ஊரிலும் விமான நிலையம் இருக்கிறது, வாவிக்கரையில், திமிலைதீவில். 2016இல் பொதுமக்கள் விமானங்களுக்காகத் திறந்தார்கள், 2018இல் சர்வதேச விமான நிலையம் என்றும் அறிவித்தார்கள். அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். ரயிலில் போனால் மேற்கே மாகோ சந்தி வரை போய், மாறி, திரும்ப வடக்கே ஏற வேண்டும். மிஞ்சியது பஸ்தான். இன்றிரவு புறப்படும் நேர் பஸ்ஸில் மூன்று சீட் பதிந்து, காசும் கட்டியிருந்தோம்.

பின்னேரம் ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. "இண்டைக்கு பஸ் போகாது." காரணம் சொல்லவில்லை. காசு எப்போது திரும்பும் என்று கேட்டேன், அதற்கிடையில் லைன் துண்டித்துவிட்டது. மற்ற நேர் பஸ்கள் எல்லாம் அமாவாசைக் கூட்டத்தால் நிரம்பிவிட்டன. கட்டின பைகளைப் பார்த்துக்கொண்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "திருகோணமலையால போவம் புள்ள. அப்பா அந்த வழியாலதான் என்னக் கூட்டிப் போனவர்" என்றார்.

ஜூலை 22, செவ்வாய் – வாகரை வழி

காலை ஆறரைக்குத் திருகோணமலை பஸ். அந்நேரமே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்றில் கொஞ்சம்கூட ஈரம் இராது. ஜன்னலைத் திறந்தால் முகம் எரியும், மூடினால் மூச்சு முட்டும். ஏறாவூரில் ஏறின கூட்டத்தில் என் மகள் எழும்பி ஒரு கர்ப்பிணிக்கு இடம் கொடுத்தாள். ஓட்டமாவடியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மகளைக் கூப்பிட்டு, "இரிங்க மகள், நான் நாவலடியில இறங்கிருவன்" என்று தன்னுடைய சீட்டைக் கொடுத்தார். நாவலடி தாண்டியும் அவர் இறங்கவில்லை. பிள்ளை இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னாராம். வாகரையில் இறங்கும்போது சிரித்துக்கொண்டே போனார்.

பனிச்சங்கேணிக்குப் பிறகு தெருவில் ஆள் குறைந்தது. கதிரவெளி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்சில்லு வெடித்தது. உதிரிச் சில்லு இருந்தது, பஸ்ஸைத் தூக்கும் ஜக் இருக்கவில்லை. இன்னொரு வாகனம் வந்து உதவும் வரை எல்லோரும் தெருவோர மரநிழலில் நின்றோம். வெயில் தார் ரோட்டில் பட்டு அலை அலையாய் எழும்பிக்கொண்டிருந்தது. அம்மா புடவைத் தலைப்பைத் தலையில் போட்டபடி நின்றார்.

எதிரே தகரக் கூரை போட்ட சின்ன வீடு. அங்கிருந்து ஒரு பெண் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் செம்போடு தெருவைக் கடந்து வந்தார். கதிரையை நிழலில் வைத்து மணலில் அழுத்தி, ஆடாமல் இருக்கிறதா என்று தானே ஒரு தரம் இருந்து பார்த்து, பிறகுதான் அம்மாவை இருத்தினார். எங்கே போகிறோம், யார், எவர் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. போய் மறுபடி வந்தபோது ஒரு தேக்கிலையில் பாலைப்பழம். மஞ்சளாய், சுண்டுவிரல் நகத்தளவு. அன்றைக்குத்தான் காட்டில் பறித்ததாம். பாலைப்பழம் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், தேன் மாதிரி இனிப்பு, ஆனால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். மகள் ஒரு கைப்பிடியை வாயில் போட்டுவிட்டு வாயைத் திறக்க முடியாமல் கண்ணால் சிரித்தாள். "எண்ணெய் தடவினாப் போயிரும்" என்று அந்தப் பெண் திரும்ப வீட்டுக்கு ஓடிப் போய்த் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தார். மட்டக்களப்பில் இந்தப் பழம் ஒரு சுண்டு 150 ரூபா. நான் நீட்டின காசை அவர் வாங்கவில்லை. பஸ் புறப்பட்டபோது கதிரையைத் திரும்பத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அவர் பெயரை நாங்களும் கேட்கவில்லை. அது இப்போதும் உறுத்துகிறது.

வெருகல் பாலத்தில் அம்மா கைகூப்பினார், ஆற்றுக்கா முருகனுக்கா தெரியவில்லை. அவர் சின்னப் பிள்ளையாக இந்த வழியால் போனபோது பாலம் இல்லை, பாதைதான். வெளியூர்க்காரருக்கு இது புரியாது. மட்டக்களப்பில் நாங்கள் பாதை என்று சொல்வது ஆற்றையும் வாவியையும் கடக்கும் தட்டைப் படகை. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு இழுபட்டுப் போகும். மண்முனைப் பாதை 2014இல் பாலமாகும் வரை வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனத்துக்கு நகரம் எவ்வளவு தூரம் என்பதை அந்தப் பாதை புறப்படும் நேரம்தான் முடிவு செய்தது. கண்ணுக்கு முன்னால் தெரியும் கரைக்கு ஒரு மணித்தியாலம் காத்திருந்திருக்கிறேன். "வெருகலில நிண்டு, மகாவலி கங்கையில நிண்டு, கிண்ணியாவில நிண்டு, திருகோணமலைக்குப் போய்ச் சேர இருட்டிப் போகும். அப்பா ஒவ்வொரு துறையிலயும் எனக்கு ஒரு கதை சொல்லுவார்" என்றார் அம்மா. "கதை முடிய பாதை வரும்."

கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், நாட்டிலேயே மிக நீளமான பாலம் என்று 2009இல் திறந்தார்கள். பஸ் அதை அரை நிமிடத்துக்குள் கடந்தது. அம்மா கடல் பக்கமும் பார்த்து, குடாப் பக்கமும் பார்த்து முடிக்கவில்லை, அதற்குள் முடிந்துவிட்டது.

திருகோணமலையில் இறங்கும்போது பகல் ஒன்று இருபது. இன்றைக்கே வவுனியா போகலாமா என்று கேட்டேன். அம்மா காலைக் காட்டினார். செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக, இரு பக்கமும் வீங்கியிருந்தது. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு லொட்ஜில் 3500 ரூபாவுக்கு மின்விசிறி அறை. பின்னேரம் கடற்கரையில் நடந்தோம். மான்கள் நாய் பூனை மாதிரி தெருவில் திரிகின்றன. ஒன்று பழக்கடை வாசலில் நின்று தோடம்பழத் தோலை மென்றது, கடைக்காரர் அதைத் துரத்தவும் இல்லை, பார்க்கவும் இல்லை. இரவு இடியப்பமும் பால்சொதியும். சொதியில் எங்கள் ஊரை விடப் புளி கூட.

ஜூலை 23, புதன் – இரண்டு பஸ், ஒரு விமானம்

ஐந்தரைக்கே வவுனியா பஸ் பிடித்தோம். கன்னியா வெந்நீரூற்றுத் திருப்பத்தில் அம்மா மறுபடி கைகூப்பினார். ஹொரவப்பொத்தானையில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பிளேன்ரீ 60 ரூபா. மாத்திரை போட அம்மாவுக்குச் சுடுதண்ணீர் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். தேநீர்க்கடை அம்மா ஒரு கண்ணாடிக் கிளாஸைச் சுடுதண்ணீரால் இரண்டு தரம் கழுவி, மூன்றாம் தரம் ஊற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு எடுக்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்கு முழுக்க விளங்கவில்லை, ஆனால் காலை உயர்த்தி வைக்கச் சொல்கிறார் என்று கையால் காட்டினார். மிச்ச வழியில் அம்மாவின் கால் எங்கள் பையின் மேல்தான் இருந்தது.

வவுனியாவில் நேர்மாறு. யாழ்ப்பாண பஸ்ஸில் அம்மா படி ஏறச் சுணங்கியதற்குக் கொண்டக்டர், "கிழடுகளைக் கூட்டிக்கொண்டு வாறதெண்டா கார் பிடிச்சு வரோணும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது. பின்னால் இருந்த இளம்பெடியன் ஒருவன் எழும்பி, "அண்ணை, உங்கட அம்மாவும் பஸ்ஸிலதானே வாறவ" என்று மெல்லிய குரலில் சொன்னான். அதற்குப் பிறகு மாங்குளம் மட்டும் கொண்டக்டர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

முறிகண்டியில் பஸ் நின்றது, எல்லா வாகனமும் பிள்ளையாருக்கு நிற்கும். தேங்காய் உடைக்கிறவர்கள் உடைக்க, மற்றவர்கள் கச்சான் கடலை வாங்கினார்கள். மணலில் வறுத்த சூட்டோடு ஒரு பை 200 ரூபா. அம்மா பல் இல்லாத பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தால் ஒவ்வொன்றாக மென்றார். ஆனையிறவில் உப்பளம் இரு பக்கமும் வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. இங்கே காற்றும் வேறு. தெற்கிலிருந்து வரும் இதைச் சோளகம் என்றார் பக்கத்திலிருந்த கிளாலிக்காரர். எங்கள் கச்சான் காற்றை விடக் குளிர்ச்சி, ஆனால் தூசி கூட.

யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது ஒரு மணி. பலாலிக்கு ஓட்டோ 2500 ரூபா. "எந்த ஊர் அம்மா?" என்றார் ஓட்டோக்காரர். மட்டக்களப்பு என்றதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "ஐயோ, பாயோட ஒட்ட வைச்சிடுவியள் எண்டல்லோ சொல்லுறவை" என்றார். வந்தவர்களை மந்திரம் போட்டு எங்கள் ஊரிலேயே இருத்திவிடுவோம் என்பது, எங்கள் ஊர்க்காரர் எல்லோருமே கேட்டுச் சலித்த பேச்சு. நான் வாயைத் திறக்க முன் அம்மா முந்திக்கொண்டார். "ஓம் மனே, உண்மைதான். எங்கட அப்பா மல்லாகத்து ஆள். பாயில குந்தினவர், அறுபது வருஷமா எழும்பவேயில்ல. சோறு போட்டுத்தான் ஒட்ட வைச்சம்." ஓட்டோக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். பிறகு மல்லாகத்தில் எந்த ஒழுங்கை என்று கேட்டார். இறங்கும்போது 300 ரூபாவைத் திருப்பித் தந்தார்.

பலாலி சின்ன விமான நிலையம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே சத்தம் கேட்கும். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரர் போட்ட ஓடுபாதை. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவால் மூடுண்டு, 2022 டிசம்பரில் சென்னை விமானம் திரும்ப வரத் தொடங்கியது. மூன்று மணி கடந்து வடக்கே கடல் பக்கம் ஒரு புள்ளி தெரிந்தது. இரண்டு விசிறி சுழலும் விமானம். சத்தம் பெருத்து, பனைகளுக்கு மேலால் சாய்ந்து இறங்கியது. அம்மா வேலிக் கம்பியைப் பிடித்திருந்தார். "இதுக்குள்ளயா தம்பி?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மாமா வெளியே வர முக்கால் மணித்தியாலம் ஆனது. இஸ்திரி குலையாத வெள்ளைச் சட்டை, ஒரு கையில் ஊன்றுகோல், மற்றக் கையில் மல்லிகைப்பூச் சரம் சுற்றின வாழையிலைப் பொட்டலம். அந்தப் பூ காலையில் அவர் வீட்டு வாசலில் வாங்கினது, இன்னும் வாடவில்லை. அம்மா தம்பியின் முகத்தைத் தொடவில்லை, தோளைத் தொடவில்லை. குனிந்து அவருடைய முழங்காலைத்தான் தொட்டுப் பார்த்தார். மாமா பார்த்தது அக்காவின் பாதத்தை. "என்னக்கா, காலெல்லாம் இப்பிடி வீங்கிக் கிடக்கு?"

ஜூலை 24, வியாழன் – ஆடி அமாவாசை, கீரிமலை

விடிய நான்கு மணிக்கே மல்லாகத்திலிருந்து புறப்பட்டோம். அப்பா இல்லாதவர்களின் நாள் இது. அம்மா இல்லாதவர்களுக்குச் சித்திரா பௌர்ணமி. கீரிமலைத் தெரு முழுக்க ஆண்கள், வேட்டி, ஈரத் துண்டு, கையில் எள்ளும் தர்ப்பையும். வரிசை வரிசையாகக் குருக்கள்மார் மணலில் இருந்து பெயர், கோத்திரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கீரிமலையை முதல்முறை பார்க்கிறேன். கேணிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மதில்தான். அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் உப்பில்லாத நன்னீர். குடாநாட்டில் பெய்யும் மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, நிலத்தடியால் ஊர்ந்து, கடலோரத்தில் இப்படி ஊற்றாக வருகிறது. எங்கள் மாமாங்கக் குளம் அமைதியாக, மண் நிறமாக இருக்கும். இது பச்சையும் நீலமுமாக அசைந்துகொண்டே இருக்கிறது. பெண்களின் கேணியில் அம்மாவைப் பிடித்து இறக்கினேன். தண்ணீர் சில்லென்று வீங்கின காலைத் தொட்டதும் அம்மா "அப்பாடா" என்றார். பிறகு அந்தச் சொல்லை நினைத்தோ என்னவோ அழுதார்.

மாமா எள்ளும் தண்ணீரும் இறைத்தபோது அம்மப்பாவின் பெயரோடு அவருடைய அப்பாவின் பெயர், பாட்டனின் பெயர் என்று குருக்கள் கேட்டார். பாட்டன் பெயரில் மாமா தடுமாறினார். கரையிலிருந்து அம்மா சத்தமாகச் சொன்னார். இருபது வரிசைக்கு அப்பால் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெயரை ஏதோ ஒரு ஆற்றங்கரையில், பாதைக்குக் காத்திருந்தபோது அம்மப்பா சொல்லிக் கொடுத்தாராம்.

மத்தியானம் உறவுக்காரர் வீட்டில் விரதச் சாப்பாடு. அம்மா காத்திருந்தது காத்தோட்டிக்காய்க்கு. ஆடி அமாவாசைக்கு யாழ்ப்பாணத்தார் இது இல்லாமல் விரதம் விடமாட்டார்கள். பற்றைக் கொடியில் காய்க்கிற பச்சை நிறச் சின்னக் காய். மெல்லிய வட்டமாக வெட்டி, மஞ்சள் உப்புப் பிரட்டி நல்லெண்ணெயில் பொரித்திருந்தார்கள். முதல் கடியில் கருகல் மணம், அதன் பின் நாக்கின் அடியில் போய் நிற்கும் கைப்பு. மகள் ஒன்றோடு நிறுத்திவிட்டாள். அம்மப்பா மட்டக்களப்பில் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் இந்தக் காயைக் கேட்பாராம். சந்தையில் கிடைக்காத வருடங்களில் பாவற்காய் பொரித்து வைப்பார்களாம். "பாவக்காயைச் சாப்பிட்டிட்டு, நல்லாயிருக்கு, ஆனா இது அது இல்லை எண்டு சொல்லுவார்" என்றார் அம்மா. அம்மா நான்கு வட்டம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 25, வெள்ளி – மல்லாகம்

இன்றைக்கு எங்கும் போகவில்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு நான்கு நாள்தான், நகரம் முழுக்கப் பந்தல் போடுகிறார்கள் என்று சொன்னார்கள். மகளுக்குப் பார்க்க ஆசை. அம்மாவின் கால் விடவில்லை.

இரவு முற்றத்தில் இருந்து மாமாவும் மகளும் கணக்குப் பார்த்தார்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் 355 கிலோமீற்றர். மகளின் வகுத்தல்படி 43 நிமிடம். ரிக்கெட்டில் போட்டிருப்பது ஒன்றேகால் மணித்தியாலம். எப்படி என்றாள். ரிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரம் மட்டும் இல்லை, விமானம் நின்ற இடத்தில் சில்லு அசைந்ததிலிருந்து மறுபடி வந்து நிற்கும் வரை என்றார் மாமா. ஓடுபாதைக்கு உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது, உயரம் ஏறும்வரை மெதுவாகப் போவது, இறங்கும்போது வேகம் குறைப்பது எல்லாம் அதற்குள். தெற்கே வரும்போது இந்தச் சோளகமும் எதிர்க்காற்று. உண்மையில் ஆகாயத்தில் இருந்தது ஐம்பத்தைந்து நிமிடமாம். வீட்டுக் கதவைப் பூட்டியது காலை ஒன்பதரை, மூன்று மணித்தியாலம் முன்னதாகவே நிலையத்தில் நிற்க வேண்டும், மல்லாகம் வந்தது நாலரை. "அப்ப ஏழு மணித்தியாலம்" என்று மகள் எழுதினாள். அதற்குக் கீழே எங்களுடையதை எழுதினாள். செவ்வாய் ஆறரையிலிருந்து புதன் ஒரு மணி வரை, திருகோணமலையில் படுத்த நேரத்தைக் கழித்து, பஸ்ஸிலும் பஸ்ஸுக்காகவும் பதினாலு மணித்தியாலத்துக்கு மேல். அட்லஸில் மட்டும் எங்களுடைய கோடு 70 கிலோமீற்றர் குறைவு.

இதை நான் முறைப்பாடாகவே எழுதுகிறேன். சென்னையில் இருக்கிறவருக்கு யாழ்ப்பாணம் மட்டக்களப்பாரை விடக் கிட்ட. ஒரு தீவுக்குள் ஒரே மொழி பேசும் இரண்டு பட்டினங்கள், இரண்டிலும் ஓடுபாதை இருக்கிறது, நடுவில் ஐம்பது நிமிட ஆகாயம். மட்டக்களப்பிலிருந்து கண் சத்திர சிகிச்சைக்கு, பல்கலைக்கழகத்துக்கு, செத்த வீட்டுக்கு யாழ்ப்பாணம் போகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள், அங்கிருந்து இங்கும் வருகிறார்கள். வாரத்தில் இரண்டு தரமாவது ஒரு சின்ன விமானம், சாதாரண சனம் கட்டக்கூடிய விலையில் வேண்டும். அது முடியாவிட்டால் மாகோவில் இறங்கி மாறாமல் போகிற ஒரு ரயில் பெட்டியாவது. அம்மாவின் வயதுக்காரர் எத்தனை பேர் "பஸ்ஸில ஏலாது" என்று சொந்தத்தின் கலியாணத்துக்கும் சாவுக்கும் போகாமல் இருந்துவிட்டார்கள் என்பதை எங்கள் தெருவில் மட்டும் எண்ணினாலே போதும்.

ஜூலை 26, சனி – பிரிவு

மாமாவைப் பின்னேரம் பலாலியில் விட்டோம். அம்மா ஒரு போத்தலில் கீரிமலைத் தண்ணீர், ஒரு பையில் முறிகண்டிக் கச்சான், பொரித்துக் காய வைத்த காத்தோட்டிக்காய் எல்லாம் கட்டிக் கொடுத்தார். தண்ணீர்ப் போத்தலைக் கையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று மாமா அதைப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் சுற்றி வைத்தார். உள்ளே போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

எங்களுக்கு இம்முறை நேர் பஸ் கிடைத்தது, இரவு ஏழு மணி, ஹபரணை வழி. எட்டரை மணிக்கு, பஸ் இன்னும் கிளிநொச்சியில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மாமாவின் அழைப்பு. "அக்கா, நான் வீட்டுக்கு வந்திட்டன். சாப்பிட்டும் ஆச்சு. நீங்க எங்க?" அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "தெரியல்ல தம்பி, இருட்டா இருக்கு" என்றார்.

ஹபரணை தாண்டி, மின்னேரியாக் காட்டுக்குள் பஸ் திடீரென்று நின்று விளக்கை மங்கலாக்கியது. தெருவோரத்தில் தாயும் குட்டியுமாக யானைகள். தாய் தார் ரோட்டின் நடுவில் நின்று குட்டி கடக்கும்வரை அசையவில்லை. பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இல்லை, கைப்பிள்ளை அழுகையைக்கூட அதன் தாய் மார்போடு அணைத்து அடக்கினார். இருபது நிமிடம். மன்னம்பிட்டியில் பாலம் வரும்போது விழித்திருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். 2023 ஜூலையில் அங்கே ஒரு பஸ் ஆற்றுக்குள் விழுந்து செத்துப்போனவர்கள் எங்கள் பக்கத்துச் சனம்.

ஜூலை 27, ஞாயிறு – கல்லடி

ஏறாவூர் பள்ளிவாசல்களில் சுபஹு பாங்கு கேட்கும்போது அம்மா விழித்தார். "வந்திட்டமா?" செங்கலடியும் ஏறாவூரும் பின்னால் போக, கிழக்கு வெளுத்தது. கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவியில் இரண்டு தோணிகள் வலை இழுத்துக்கொண்டிருந்தன. ஓட்டோ வீட்டு ஒழுங்கையில் திரும்பும் மட்டும் அம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கேற்றில் ஒரு பை தொங்கியது. உள்ளே பிளாஸ்டிக் போத்தலில் மாமாங்கத் தீர்த்தம். பக்கத்து வீட்டு மச்சாள் வியாழக்கிழமையே கொண்டுவந்து கட்டியிருக்கிறார், அம்மா கேட்காமலே.

ஓட்டோவிலிருந்து இறங்கின அம்மாவுக்குச் செருப்புக்குள் கால் நுழையவில்லை. ஒரு தரம் முயன்று பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். செருப்பு இரண்டையும் ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையில் மாமாங்கப் போத்தலைப் பிடித்தபடி, முற்றத்து ஈர மணலில் வெறுங்காலோடு நடந்து போனார்.

"தம்பிக்குச் சொல்லு புள்ள," என்றார் உள்ளேயிருந்து, "இப்பதான் வந்து சேர்ந்தம் எண்டு."